வாயில் தண்ணீர், காதில் அத்தை

என் மனைவிக்கு எதையும் திறந்து பார்த்துவிட வேண்டும். மிக்ஸி நின்றுபோனால் கடைக்குக் கொண்டுபோக மாட்டாள். ஸ்க்ரூடிரைவரோடு தரையில் உட்கார்ந்துவிடுவாள். சில நாள் மிக்ஸி ஓடும். சில நாள் மிக்ஸி ஓடாது, இரண்டு திருகாணி வேறு மிச்சமிருக்கும். ஒருநாள் தன் மண்டையையும் அப்படித்தான் திறந்து பார்க்கப்போகிறாள் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே கிடங்கில் வேலை. நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அவள் தட்டுகளிலிருந்து சரக்கை எடுத்துத் தள்ளுவண்டியில் அடுக்குகிறாள். எதை எடுக்க வேண்டும் என்பதைக் காதில் மாட்டிய கருவி சொல்லும். நாள் முழுக்க ஓயாமல் ஏவிக்கொண்டே இருப்பதால் அந்தக் குரலுக்கு அத்தை என்று பெயர் வைத்திருந்தோம். அத்தை நம் மொழியில் பேசிய வரைக்கும் இவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. காதில் விழுந்தவுடன் கால் தானாகத் திரும்பிவிடும்.

அப்புறம் மேலிடம் கருவியை மாற்றியது. இனி அத்தை பேசப்போவது ஆபீஸ் மொழி. மேல்மாடிக்காரர்கள் பேசுவதால் நாங்கள் அதை அப்படித்தான் சொல்வோம். ஒரு மாதப் பயிற்சி, கடைசியில் ஒரு சோதனை. நாற்பது கட்டளைகளில் மூன்று தப்புகள் வரை மன்னிப்பு. அதற்கு மேல் போனால் அடுத்த மாதம் வேலை இல்லை.

நான் அலட்டிக்கொள்ளவில்லை. பதினொரு வருடமாக அந்த மேல்மாடிக்காரர்களோடு அந்த மொழியில்தான் மல்லுக்கட்டுகிறேன். கிடங்கில் என்னைக் கரைகண்டவன் என்றே நினைக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை.

"ஒரு வாரம் என்கூடப் பேசிப் பாரு, வந்துடும்" என்றேன்.

"எனக்கு வார்த்தை தெரியுதுங்க. தனித்தனியா கேட்டா எல்லாம் தெரியுது. அத்தை பேசி முடிக்கிறதுக்குள்ள முதல்ல சொன்னது காணாம போயிடுது."

"கவனம் பத்தல."

"கவனமாத்தான் கேக்குறேன். அது எங்க போகுதுன்னுதான் பாக்கணும்."

அங்கே ஆரம்பித்தது. புது அத்தை நான்கு விஷயங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள்: எந்த வரிசை, எந்தத் தட்டு, எத்தனை பெட்டி, வண்டியில் எந்தப் பக்கம். தட்டின் முன்னால் போய் நின்றதும் அங்கே ஒட்டியிருக்கும் இரண்டு எண்களை நாம் வாய்விட்டுப் படிக்க வேண்டும்; சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அத்தை அப்போதுதான் நம்புவாள். என் மனைவியோ மறந்துவிடப் போகிறோம் என்ற பயத்தில், நடக்கும்போதே கட்டளையை முணுமுணுத்துக்கொண்டு போனாள். அத்தைக்குக் காது கூர்மை. அந்த முணுமுணுப்பையே பதிலாக எடுத்துக்கொண்டு, பாதி வழியிலேயே "தவறான இடம்" என்று கத்தினாள். முதல் நாள் மட்டும் பத்தொன்பது தவறான இடம். வாயை மூடிக்கொண்டு நட என்றார் மேற்பார்வை அம்மா. வாயை மூடினாள், எண்ணெல்லாம் ஆவியாகிவிட்டது.

அன்று மாலை சமையலறையில் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, கையில் பழைய டெலிபோன் டைரியைக் கொடுத்தாள். நான் எண்களைப் படிக்க வேண்டும், அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். நம் மொழியில் எட்டு எண் வரை தாங்கினாள். ஆபீஸ் மொழியில் மூன்று. நல்ல நேரமாக இருந்தால் நான்கு. கேரட் கடித்துக்கொண்டே கேட்டால் இரண்டு. கேட்கக் கேட்க நம் மொழிக்கு மாற்றிக்கொண்டே வந்தால் ஒன்றே ஒன்று. எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

"மாத்துறதுக்கும் பிடிச்சு வெச்சுக்கிறதுக்கும் மண்டைக்குள்ள ஒரே கைதான் இருக்கு போலிருக்கு. ஒண்ணைப் பிடிச்சா இன்னொண்ணு விழுந்துடுது" என்றாள். ஏதோ அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வது போல அவ்வளவு சுவாரசியமாகச் சொன்னாள். வேலை போய்விடுமே என்ற கவலையெல்லாம் எனக்குத்தான்.

பிறகு டைரியை வாங்கிக்கொண்டு, "இப்ப உங்களுக்கு" என்றாள்.

ஆபீஸ் மொழியில் எனக்கு நான்கு வந்தது. ஐந்தாவது எண்ணைச் சொன்னதும் முதல் எண் நழுவிவிட்டது. திரும்பவும் பார்த்தோம், நான்குதான். தூக்கக் கலக்கம் என்றேன். மணி அப்போது சாயங்காலம் ஆறரை. அவள் காலண்டர் தாளில் எனக்கும் ஒரு கோடு போட்டு எழுதினாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

மறுநாள் வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். படிங்க என்று கையைக் காட்டினாள். உதடு அசையக் கூடாது, ஆனால் உள்ளே ஒரு குரல் மட்டும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் அவள் கண்டுபிடித்த வழி. அசைந்தால் தண்ணீர் சிந்தும். முதல் இரண்டு நாள் ரவிக்கையெல்லாம் ஈரம். அவளுடைய அம்மா போன் செய்தபோது, "உங்க பொண்ணு வாயில தண்ணி வெச்சிருக்கா, அப்புறமா பேசுங்க" என்று சொல்லிவிட்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மொழிமாற்றத்தையும் நிறுத்தினாள். "இனி பன்னிரண்டுன்னு நம்ம மொழியில நினைக்கப்போறதில்ல. அந்தச் சத்தம் கேட்டா எந்தப் பக்கம் திரும்பணும்னு காலுக்குத் தெரிஞ்சா போதும்" என்றாள். கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆபீஸ் மொழியில் எண் வைத்து, நான் கூப்பிடக் கூப்பிட நடந்தாள். நான்கு விஷயங்களை நான்காக வைத்துக்கொள்ளாமல், வரிசையும் தட்டும் ஒரு மூட்டை, பெட்டியும் பக்கமும் ஒரு மூட்டை என்று இரண்டாகக் கட்டிக்கொண்டாள். மூன்றாவது வாரத்தில் தண்ணீர் சிந்துவது நின்றது.

சோதனை அன்று எனக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை. இருந்தாலும் சரக்கு அடுக்கும் காலிப் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையின் முனையில் ஃபோர்க்லிஃப்டை நிறுத்தினேன். அங்கே மாட்டியிருந்த திரையில் பார்த்தால், முப்பத்தாறு கட்டளை முடிந்திருந்தது. தப்பு மூன்று ஆகிவிட்டது. இன்னும் ஒன்று விழுந்தால் அவ்வளவுதான்.

முப்பத்தேழாவது கட்டளை அவள் காதில் ஓடி முடிந்த அந்த நேரம் பார்த்து மேற்பார்வை அம்மா பின்னாலிருந்து வந்து ஆபீஸ் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். நானும் கேட்டேன். முதலில் "வீட்டுக்கு" என்பது கேட்டது. கடைசியில் "ஆபீஸ்" என்பது கேட்டது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

என் மனைவி திரும்பவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள். வாயை இறுக மூடியபடி ஏழு தட்டு தாண்டி நடந்தாள், நின்றாள், ஒட்டியிருந்த எண்களைப் படித்தாள், ஐந்து பெட்டிகளை எடுத்து வண்டியின் இடப்பக்கம் வைத்தாள். அத்தை கத்தவில்லை. அதற்குப் பிறகுதான் திரும்பி, அந்த அம்மா சொன்னதை அதே மொழியில், திக்கித் திக்கி, ஆனால் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்லி, சரி என்றாள். அந்த அம்மா தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். மிச்சமிருந்த மூன்றையும் தப்பில்லாமல் முடித்தாள்.

கருவியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"தேறிட்டேன்" என்றாள்.

"அப்புறம் எதுக்கு வீட்டுக்குப் போகச் சொன்னாங்க?"

"யாரு?"

"அந்தம்மாதான். வீட்டுக்கு, ஆபீஸுன்னு என்னமோ சொன்னாங்களே."

"நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். இரைச்சல் என்றிருக்கலாம். அவளுடைய அந்த முகத்துக்கு முன்னால் பொய் வரவில்லை.

"நடுவுல விழுந்துடுச்சு" என்றேன். "எனக்கு எப்பவுமே நடுவுல விழுந்துடும். பதினொரு வருஷமா."

"அப்ப இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

"தலையாட்டினேன்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மிக்ஸியைத் திறந்ததும் உள்ளே பார்ப்பாளே, அப்படி ஆசையாக என்னைப் பார்த்தாள். என் வண்டியின் படியில் உட்கார்ந்து, ஆபீஸ் மொழியில், அந்த அம்மா சொன்ன வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் நிதானமாகச் சொன்னாள்: வீட்டுக்குப் போவதற்கு முன்னால், கருவியைச் சார்ஜில் போட்டுவிட்டு.

நான் திருப்பிச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் மறு பாதியைச் சொன்னாள்: சோதனைத் தாளில் கையெழுத்துப் போட ஆபீஸுக்கு வா.