மோட்டார் மூடிகளில் ஊசித்துளை

வார்ப்பு அலுமினியத்தை நம்பவே கூடாது. மேலே வழவழவென்று இருக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத பொத்தல்களில் காற்றும் ஈரமும் ஒளிந்திருக்கும். அதனால் பவுடர் கோட்டிங் அடிப்பதற்கு முன், வெறும் மூடிகளை ஒரு மணி நேரம் அடுப்பில் காய வைத்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பூச்சு உருகும்போது உள்ளிருக்கும் காற்று அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஆலங்காயத்துப் பட்டறையில் மோட்டார் மூடிகளைக் காய வைப்பது என் வேலை.

அவற்றைத் துடைத்துக் கொக்கியில் மாட்டுகிறவள் எங்கள் மலையூர்க்காரி, என்னைவிடச் சின்னவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டு பிள்ளைகளுக்கும் அவள் சம்பளம்தான் சோறு. எங்கள் ஊருக்கு மாலையில் ஒரே பஸ்.

அன்று கரண்ட் போய் வந்ததில் அடுப்பு சூடேறத் தாமதமாகிவிட்டது.

"நான் முன்னாடி போய் பஸ்ஸ நிக்க வெக்கிறேன். நீ நெதானமா வாக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு எங்கே நிதானம்? அரை மணியிலேயே மூடிகளை வெளியே இழுத்து, பூச்சு அடிக்கிற அடுத்த ஷிப்டிடம் தள்ளிவிட்டு ஓடினேன். பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. டிரைவரிடம் ஏதோ கதை பேசியபடி படியிலேயே நின்றிருந்தாள்.

மறுநாள் காலை மூடிகள் முழுக்கத் துளைகள். சூப்பர்வைசர் அவள் தலையைப் பார்த்தார்.

"இவ்ளோ எண்ணெய வெச்சிக்னு, அந்தக் கையாலயே தொட்டியா?"

"கிளவுஸ் போட்டுக்னுதான் சார் தொட்டேன்."

எண்ணெய் பட்டால் பூச்சு வட்டமாக விலகி நிற்கும். இவை ஊசியால் குத்தியதுபோல இருந்தன. அவரைவிட இது எனக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேவலமான சமாதானம். மத்தியானத்துக்குள் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

பஸ் வரும்வரை அவள் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் ஏறியபோது எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தாள். உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள்.

"சோப்பு போட்டுதான்க்கா கழுவுவேன். நெஜமாவே என் கையாலதான் ஆச்சா? உனுக்குத் தெரியும், நீ சொல்லு."

"இன்னும் நல்லா கழுவியிருக்கலாம்," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். நம்பிவிட்டாள்.

இப்போது ஒரு நிமிஷம்கூடக் குறைக்காமல் காய வைக்கிறேன். அவள் வேறு பட்டறைகளில் வேலை கேட்டு அலைகிறாள். கேட்கப் போகிற நாளில் தலைக்கு எண்ணெயே வைப்பதில்லை.