மழை வருது, துணியை எடு

விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான வோட்டுவாலேவிலிருந்து மைமூன் டீச்சரின் மகள் தொலைபேசியில் அழைத்தபோது அவள் வீட்டுக்கு மேலே ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் பாதி கேட்கவில்லை. "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்பதை மட்டும் அந்தப் பெண் தமிழில் சொன்னாள். மற்றதெல்லாம் இந்தி. அன்று மாலையே அடக்கம். நான் இருக்கும் ட்ராசாவிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். எங்களோடு வேலை பார்த்தவர்களில் வேறு ஒருவரும் வரவில்லை. கரும்பு வெட்டு நேரமாம். சாக்குக்கா பஞ்சம்?

மைமூனை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்குக் கை வரவில்லை. ஒரே பள்ளியில் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் இருந்தோம். என்னை அக்கா என்பாள். நோன்பு வைத்துக்கொண்டே என் டிபனில் இன்று என்ன குழம்பு என்று விசாரிப்பாள். அவளுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், எனக்கு அதற்கும் மேலே. அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அந்தப் பள்ளியில் எங்களோடு இருந்த நீங்கள் எல்லோரும் மறந்துவிட்ட ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். பார்வதி, சபேட்டோவில் கரும்புத் தோட்டக்காரர் மகள். கோயிலில் ஒருமுறை கேட்ட காவடிப் பாட்டை வரி பிசகாமல் பாடுவாள். பலகையில் 'பா' என்று எழுதினால் அது தன் பெயரின் முதலெழுத்து என்று அவளுக்குத் தெரியாது. "வீட்ல இந்தி பேசுறாங்க, தமிழ் எங்க ஏறும்?" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னார். மைமூன் தேநீர்க் குவளையை ணங்கென்று வைத்தாள். "மத்த பிள்ளைங்க வீட்ல மட்டும் என்ன, செந்தமிழா பேசுறாங்க? எல்லார் வீட்லயும் இந்திதான். அவங்க படிக்கிறாங்க, இது படிக்கலை. இங்கிலீஷ் எழுத்தும்தான் இதுக்கு நிக்கலை. அப்ப இதுக்கு வேற ஏதோ கஷ்டம் இருக்கு. அது என்னன்னு பாக்குறதுதானே நம்ம வேலை?"

எழுத்து நிற்காத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்று தலைநகர் சுவாவில் நடந்த பயிற்சிக்குப் போய்வந்தவள் அவள் ஒருத்திதான். அந்தப் பிள்ளையைத் தட்டில் மணல் பரப்பி விரலால் எழுதச் சொன்னாள், எழுதும்போதே சத்தம் போட்டுச் சொல்லச் சொன்னாள். அந்த வருடக் கரும்பு வெட்டு முடிவதற்குள் பார்வதி தன் பெயரை எதையும் பார்க்காமல் எழுதினாள். அதன் பிறகுதான் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது. பிள்ளைகளுக்கு அல்ல, வாத்தியார்களுக்கு. "பிள்ளைக்கு வரலைன்னு சொல்லாதீங்க. நாம போன வழியில அதுக்கு வரலைன்னு சொல்லுங்க" என்பாள். வகுப்பில் எழுப்பி நிறுத்தி உரக்கப் படிக்கச் சொல்லக் கூடாது, சிரிக்க விடக் கூடாது, 'மக்கு' என்ற சொல் வாயில் வரவே கூடாது. கேட்டுவிட்டு வெளியே போய் 'மக்குக்கு வக்கீல்' என்று அவளுக்கே பட்டம் கட்டினார்கள், நம் அறிவாளிகள்.

ஒரு சனிக்கிழமை பலகையில் அரபி எழுத்தில் ஒரு வரி எழுதினாள். "படிங்க. இது தமிழ்தான்" என்றாள். அவள் தாத்தா மதராஸிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறியபோது கொண்டுவந்த தொழுகைப் புத்தகம் அப்படித்தான் இருக்குமாம், எழுத்து அரபி, பேச்சு தமிழ். எங்களில் ஒருவருக்கும் ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. "என்ன, தாய்மொழி கூடவா தெரியலை? சோம்பேறித்தனம்! நேத்துக்கூடச் சொல்லிக்கொடுத்தேனே!" என்று நாங்கள் பிள்ளைகளைத் திட்டும் அதே குரலில் எங்களைத் திட்டினாள். என் காது சிவந்துவிட்டது. பார்வதி தினமும் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

எங்களில் மூத்த வாத்தியார் ஒருவருக்கு வேறு ஏதோ உறைத்தது. அன்றே பள்ளிக் கமிட்டித் தலைவர் வீட்டில் யங்கோனா வேர்ச்சாறு குடிக்கும் சட்டியைச் சுற்றிச் சேதி போயிற்று: தமிழ்ப் பள்ளியில் அந்த அம்மா அரபி மந்திரம் சொல்லிக்கொடுக்கிறாள்!

கமிட்டி அவளைக் கூப்பிட்டது. துணைக்கு நானும் போனேன். "அது மந்திரம் இல்லீங்க. 'மழை வருது, துணியை எடு'. அவ்வளவுதான் எழுதியிருந்தேன்" என்றாள். தலைவர் தலையை ஆட்டினார். "நீங்க சொல்றீங்கம்மா. எங்களுக்கு அது என்னன்னு எப்படித் தெரியும்? பார்த்தா எல்லாம் கோழி கிறுக்குன மாதிரி இருக்கு."

"அதேதாங்க. அந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கு" என்றாள் மைமூன்.

எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சனிக்கிழமை வகுப்பு நின்றது. மணல் தட்டும் கூடாது என்றார்கள், அறை அழுக்காகிறதாம். அடுத்த வருடம் பார்வதி அந்த மூத்த வாத்தியார் வகுப்புக்குப் போனாள். அதே வகுப்பில் வருடத்துக்கு வருடம் உட்கார வைக்கப்பட்டாள். பிறகு அப்பாவுக்குச் சோறு தூக்கிக்கொண்டு கரும்புக் காட்டுக்குப் போய்விட்டாள். மைமூன் சபேட்டோவுக்கு நடையாய் நடந்தாள். "டீச்சர், எத்தனை தடவை அவமானப்படுறது?" என்று அந்தத் தாய் கேட்டிருக்கிறாள். மைமூன் திரும்பி வந்து என் வகுப்பறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நம்ம கையில இருந்த பிள்ளை, அக்கா. நம்ம கையிலதான் இருந்துச்சு" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

போன ஞாயிறு பள்ளி மண்டபத்தில் இரங்கல் கூட்டம். உயிரோடு இருந்தபோது கஞ்சி ஊற்றாதவர்கள் செத்தபின் பால் ஊற்ற வந்திருந்தார்கள். படத்துக்கு மாலை, முன்னால் குத்துவிளக்கு. அவள் மகள் கூசிப்போய் என்னைப் பார்த்தாள். 'எங்க வழக்கம் இது இல்ல' என்று சொல்லத் தமிழ் வராமல் விழித்தாள். நான் போய் மாலையை எடுத்தேன். முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். அந்த மூத்த வாத்தியார் 'கல்வித் தாய்' என்று குரல் தழுதழுக்கப் பேசினார். அடடா, என்ன உருக்கம்! கடைசியில் செயலாளர் எழுந்து, டீச்சர் நினைவாக ஆண்டுதோறும் ஒரு கேடயம் வழங்கப்படும் என்றார். யாருக்கு? பள்ளியில் முதல் மார்க் வாங்கும் பிள்ளைக்கு.

எனக்குப் பொறுக்கவில்லை. "கேடயம் வேணாம், அந்தச் சனிக்கிழமை வகுப்பைத் திரும்ப ஆரம்பிங்க. நானே நடத்துறேன், ஒரு அறை கொடுங்க" என்றேன். "உணர்ச்சிவசப்படாதீங்க டீச்சர், அப்புறம் பேசலாம்" என்றார். கைதட்டி அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பள்ளியில் கடைசி பெஞ்சில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். யாராவது போய்ப் பாருங்கள்.

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று அவள் ஆன்மா சாந்தியடைய வேண்டிக்கொண்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மைமூன் எனக்கு விட்டுப்போனது அவளுடைய கோபம் ஒன்றுதான். அது என்னிடம் சாந்தியடையாது.