தெபொராள் எடுத்த தீர்மானங்கள்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே வாய்க்கால் கரையை ஒட்டியிருக்கும் அந்தச் சின்னத் தெருவில் தெபொராளைப் பற்றித் தவறாக ஒரு சொல் சொல்ல ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு முதல் ஆளாகப் போய்ப் பாய் விரிப்பவள் அவள்தான். தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சித் தூக்கோடு போய் நிற்பாள்.

புது வருஷ ஆராதனையில் போதகர் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வார். இந்த வருஷம் பரிசுத்தமாக வாழ என்ன தீர்மானம் எடுக்கப்போகிறீர்கள், அதை ஆண்டவரிடம் சொல்லுங்கள் என்பார். பலரும் பொங்கலுக்குள் மறந்துவிடுவார்கள். தெபொராள் மறந்ததில்லை. ஒரு வருஷம் சீரியல் பார்ப்பதை விட்டாள். அதன் பிறகு டிவி இருந்த பக்கமே திரும்பவில்லை. இன்னொரு வருஷம், எதிரில் இல்லாதவர்களைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு செய்தாள். சமையல் கூடத்தில் கூட வேலை செய்பவள் ஊர்க்கதையை ஆரம்பித்தால் அரிசி களைய எழுந்து போய்விடுவாள். பிறகு வெள்ளிக்கிழமை உபவாசம் வந்தது. விடியலில் முழங்கால் ஜெபம் வந்தது. எல்லாவற்றையும் காப்பாற்றினாள்.

ஒன்றை மட்டும் தீர்மானமாக எடுக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அது அவள் தம்பி ஆரோன் செத்ததைப் பற்றியது.

கஜா புயல் வந்தபோது தெபொராளின் கணவன் ரெத்தினம் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் போயிருந்தான். தம்பி வீட்டில் இருந்த அம்மாவைச் சாயங்காலமே பள்ளிக்கூடத்து முகாமில் விட்டாயிற்று. தெபொராளையும் கூப்பிட்டார்கள். கோழிகளை அடைத்துவிட்டு வருகிறேன் என்று தங்கிவிட்டாள். காற்று கூரைத் தகரத்தைப் பிய்க்க ஆரம்பித்ததும் பயந்துபோய், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பிக்குப் போன் செய்தாள். "ஆரோன், வந்து கூட்டிட்டுப் போடா" என்று கத்தினாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தெரு ஆட்கள் வந்து அவளை முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். வர வேண்டாம் என்று தம்பிக்குச் சொல்லப் பார்த்தாள். டவர் போய்விட்டது.

விடிந்ததும் வாய்க்கால் கரையில் விழுந்த தென்னைக்கு அடியில் ஆரோன் கிடந்தான். அவனுடைய போன் தண்ணீருக்குள் எங்கோ போயிருந்தது.

"இந்தக் காத்துல எதுக்குடா வெளிய வந்தான் என் புள்ள?" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணிதான் போன் பண்ணுனாங்க. கூட்டிட்டு வந்துர்றேன்னு கெளம்புனாரு" என்றாள் ஆரோனின் மனைவி காத்தாயி.

எல்லோரும் தெபொராளைப் பார்த்தார்கள்.

"நானா? நான் கூப்புடலையே!"

அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்தது. சொல்லப்போகிறோம் என்று அவளே நினைத்திருக்கவில்லை. அடக்கம் முடிந்ததும் அம்மாவைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிவிடலாம் என்று எண்ணினாள். அதற்குள் ஊர் வேறொன்றைப் பேசி முடித்துவிட்டது. முதல் நாள் சாயங்காலம் ஆரோன் வீட்டில் சத்தம் கேட்டதாக ஒருத்தி சொன்னாள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சின்னச் சண்டை, அதுவும் உண்மைதான். சண்டை போட்டுப் புருஷனைப் புயலில் துரத்தியவள், இப்போது பழியை நாத்தனார் மேல் போடுகிறாள் என்றார்கள். காத்தாயி குத்தாலம் பக்கத்து இந்துக் குடும்பத்துப் பெண். கல்யாணத்தின்போதுதான் ஞானஸ்நானம் வாங்கியிருந்தாள். வருஷக்கணக்காகக் கோயிலுக்குப் பாய் விரிக்கிறவளின் பேச்சா, நேற்று வந்தவளின் பேச்சா என்றால் சபைக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

காத்தாயி சில ஞாயிற்றுக்கிழமைகள் கோயிலுக்கு வந்தாள். அவள் உட்கார்ந்த பாயில் வேறு யாரும் உட்காரவில்லை. மாமியார் வாசலில் வைத்தே அவளைச் சபித்தாள். அறுவடைக்கு முன்பே காத்தாயி தன் மகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போய்விட்டாள். பிள்ளையை இழந்த அம்மா தெபொராள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் தெபொராளின் தீர்மானங்கள் கடுமையாயின. அதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

போன வருஷத் தொடக்கத்தில், ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பிரகதீஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சபைக்குப் புதிதாக வந்த பெண், வீட்டை எதிர்த்துக்கொண்டு வருகிறவள்.

"அக்கா, உங்கள மாதிரி வாழணும்னுதான் இன்னிக்கித் தீர்மானம் பண்ணுனேன்."

தெபொராள் கையை உருவிக்கொண்டாள். மறுநாள் காலையில் முழங்காலில் நின்றவளுக்கு ஜெபமே வரவில்லை. எழுந்து சேலையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். திருவாரூர், மயிலாடுதுறை என்று மாறி மாறிக் குத்தாலம் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது.

காத்தாயி வயலில் இருந்தாள். மெஷின் அறுத்துவிட்டுப் போன வயலின் மூலைகளில் நின்ற கதிரைக் கருக்கரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தாள். தெபொராளைக் கண்டதும் நிமிர்ந்தாள். வாங்க என்று சொல்லவில்லை.

"காத்தாயி, நான்தான் ஆரோனுக்குப் போன் பண்ணுனேன். பொய் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிரும்மா" என்று தெபொராள் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள்.

காத்தாயி அழவில்லை. "இதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க அண்ணி? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள். மறுபடியும் குனிந்து அறுக்கத் தொடங்கினாள்.

திரும்பி வந்த அன்றே தெபொராள் தீர்மானம் எடுத்தாள். முதலில் கணவனிடம் சொன்னாள். "முடிஞ்சுபோனத எதுக்குக் கிண்டுற? நமக்குத்தான் அசிங்கம்" என்றான் ரெத்தினம். போதகரும் தயங்கினார்.

"ஆண்டவர்கிட்ட அறிக்கை பண்ணிட்டீங்க இல்லம்மா. சபையில வேற சொல்லணுமா?"

"பொய்ய ஊருக்கு முன்னாடிதானே ஐயா சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சொன்னாள். பிரகதீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. காரணம் இதுதானா, வீட்டுத் தொல்லையா என்று யாருக்கும் தெரியாது. தெபொராள் தன் கணக்கில்தான் வைத்துக்கொண்டாள்.

அம்மாவால் கோயிலுக்கு நடக்க முடியாது. அவளிடம் வீட்டில் வைத்துச் சொன்னாள். அம்மா முதலில் புரியாதவள்போலப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப அந்தப் பொண்ணு சொன்னது நெசமா?"

"நெசம்மா."

"நான் அவள மண்ணள்ளித் தூத்துனேனேடி."

அதற்குமேல் அம்மா அவளிடம் பேசவில்லை. தெபொராள் தட்டை நீட்டினால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ரெத்தினம் வாங்கி ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவாள். காத்தாயியைக் கூட்டிவரச் சொல்லி அவனிடம்தான் கேட்டாள். அவன் போய்க் கூப்பிட்டான். வேலை இருக்கிறது, பார்க்கலாம் என்றாளாம். சித்திரை வெயிலில் அம்மா கண்ணை மூடினாள். கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டவர்களிடம் ரெத்தினம், "ஒண்ணும் சொல்லலையே" என்றான்.

அடக்கத்துக்குக் காத்தாயி மகளோடு வந்தாள். கல்லறைத் தோட்டத்தில் தள்ளி நின்றாள். முன்பு அவளை ஒதுக்கிய பெண்கள் இப்போது அவளுக்கு வழிவிட்டார்கள், ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவள் வாங்கவில்லை. குழிக்குள் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனாள்.

தெபொராள் அதன் பிறகும் குத்தாலத்துக்குப் போனாள். ஒருமுறை பேத்திக்கென்று அம்மா வைத்திருந்த தோட்டைக் கொடுத்தாள். காத்தாயி வாங்கிக்கொண்டாள். மறுமுறை வெறுங்கையோடு, பேச மட்டும் போனாள். வாசலிலேயே நிற்கவைத்துக் காத்தாயி சொன்னாள்:

"அண்ணி, நீங்க சபையில சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேன். சரி. ஆனா நீங்க வர்றப்பல்லாம் எனக்கு அவரு கெளம்பிப் போனதுதான் கண்ணுல நிக்கிது. ரெண்டு நாளைக்கி வேலைக்கிப் போக முடியல. உங்க மனசு ஆறுறதுக்கு என்னைக் கூப்புடாதீங்க."

"கோயிலுக்காவது போறியா?" என்று கேட்டாள் தெபொராள்.

"எந்தக் கோயிலுக்கும் போறதில்ல" என்று சொல்லிவிட்டுக் காத்தாயி உள்ளே போனாள்.

பஸ்ஸில் வரும்போது தெபொராள் இன்னொரு தீர்மானம் எடுத்தாள். அதற்குப் புது வருஷம் வரை காத்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு இனி அவள் வாசலுக்குப் போவதில்லை. அவளாகக் கூப்பிட்டால் எந்த நேரமானாலும் போவது, கூப்பிடாவிட்டால் கூப்பிடவில்லையே என்று யாரிடமும் புலம்பாமல் இருப்பது. வீட்டுக்கு வந்து ரெத்தினத்திடம் சொன்னாள்.

"அப்ப இது எப்பதான் தீரும்?" என்றான் அவன்.

"தீராதுன்னு நெனக்கிறேன்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். தெபொராள் கொல்லைக் கதவைத் திறந்து, அன்று துவைக்காமல் கிடந்த துணிகளை எடுத்து ஊறப்போட்டாள்.