புளிவூட்டின் மேற்குச் சுவர்

எங்கள் வீட்டு முற்றத்தின் கோடியில், மாட்டுக் கொட்டகையைத் தாண்டி, ஒரு தனி அறை இருக்கிறது. புளிவூடு என்போம். என் கணவரின் பாட்டனாருக்கும் முந்தியவர்கள் கட்டியது. கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும், கூரைக்கு நாட்டு ஓடு. கொட்டை எடுத்த புளியில் கல்லுப்புத் தூவி, ஓலைப்பாயில் சுற்றி, சுவரோரமாக அடுக்குவது வழக்கம். எத்தனையோ காலத்து உப்பு அந்தச் சுவர்களில் ஏறியிருக்கிறது. மழைக்கு முந்தின நாளே சுவர் வியர்க்கும். வெயில் காலத்தில் வெள்ளையாகப் பூக்கும்.

கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் பூவை விரலால் தொட்டு நக்கிப் பார்த்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. விருந்தாளிகள் வந்தால் புளி எடுக்கும் சாக்கில் அங்கே போய்விடுவேன். ஓட்டு இடுக்கில் விழும் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தரையில் நகரும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் முற்றத்துப் பேச்செல்லாம் வேறு ஏதோ ஊரில் நடப்பதுபோலக் கேட்கும். நான் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்றுகூடத் தெரியாது.

இந்த வீட்டில் நானாக வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். மகள் கல்யாணத்துக்கு முற்றத்தில் பந்தல் போட்டபோது, வருகிறவர்கள் கண்ணில் முற்றத்தைப் பார்த்து நிற்கும் அந்த உதிர்ந்த மேற்குச் சுவர் படக்கூடாது என்று, உள்ளும் புறமும் சிமெண்ட் பூசச் சொன்னேன். பூசினார்கள். வழவழவென்று, புதுப்பாத்திரம் மாதிரி இருந்தது.

போன தை மாதம் அந்தச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், "இடிச்சிடுங்கம்மா, கார் வுட எடமாச்சு" என்று போனில் சொன்னான். கணவர் என்னிடம், "நான் வயக்காட்டோட சரி. அதுக்குள்ள பொழங்கறது நீதான். வெக்கறதா இடிக்கறதான்னு நீயே சொல்லு" என்றுவிட்டார்.

மேஸ்திரி வந்தார். என்னைவிட இளையவர், தூரத்துச் சொந்தம். உளியால் சிமெண்டை ஒரு தட்டுத் தட்டினார். பலகை மாதிரி பெயர்ந்து விழுந்தது. பின்னால் செங்கல்லே இல்லை. சிவப்பு மாவு, சத்தமில்லாமல், நீண்ட நேரம் கொட்டிக்கொண்டே இருந்தது. பூசாத மற்ற மூன்று சுவர்களையும் தட்டினார். கணீரென்று கேட்டது.

"சுண்ணாம்புச் செவுரு மூச்சு வுடணுங்க. சிமெண்டால வாயப் பொத்துனா உப்பு உள்ளயே நின்னு கல்லத் தின்னுரும். எந்த மவராசன் பூசச் சொன்னது?"

கணவர் என்னைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்தார்.

"நான்தாம்ப்பா" என்றேன்.

மேஸ்திரி உளியைத் துடைத்தார். "அதனால என்னக்கா. மொத்தமா தள்ளிடலாம். கார் வுட்டுக்குங்க. ஆனா இந்த உப்பு மண்ணுல நின்னா காரும் இந்தச் செவுரு மாதிரிதான் ஆவும்."

"வெக்கணும்னா?" என்று கேட்டார் கணவர்.

"ஓட்ட எறக்கிட்டு, இத மட்டும் தள்ளிட்டு, சுண்ணாம்புலயே எழுப்பணும். காய மாசக்கணக்காவும். அவசரப்பட்டா ஆவாது. அக்கா என்ன சொல்றீங்க?"

"உங்கக்கா வாயத் தொறக்கறதுக்குள்ள செவுரே வுழுந்துரும்" என்றார் கணவர்.

நான் ஏதோ சொன்னேன்.

"காதுல வுழலைங்கக்கா."

"வெச்சிக்கலாம்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "சுண்ணாம்புலயே கட்டு. எத்தன மாசமானாலும் காயட்டும்."

"கேட்டுக்கடா, ஆர்டர் போட்டாச்சு" என்று கணவர் சிரித்தார்.

மறுவாரம் மேற்குச் சுவரைத் தள்ளினார்கள். புழுதி அடங்கியபோது, அறைக்குள்ளிருந்து முற்றம், தெரு, தூரத்து மலை எல்லாம் தெரிந்தன. அதுவரை ஒரு பக்கச் சுவருக்கு எவ்வளவு பெரிய வேலை இருந்ததென்று நான் நினைத்ததில்லை. இப்போது புதுச் சுவர் இடுப்பளவு எழும்பி, ஈரச் சாக்குப் போர்த்திக்கொண்டு காய்கிறது. கூரை இல்லாமல் நிற்கும் மீதி மூன்றும் இந்த மழைக்குத் தாங்குமா என்று மேஸ்திரிக்கே தெரியாது. இந்த முறையும் நான் தப்பாகச் சொல்லியிருக்கலாம்.

மத்தியானத்தில் அங்கே போய் உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரிகிறது. "என்னாக்கா பண்றீங்க அங்க?" என்று நின்று கேட்கிறார்கள்.

"செவுரு காயுது. பாத்துக்கிட்டு இருக்கேன்" என்கிறேன்.