தூண் இல்லாத பால்கனி

ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டிய மனைகளில் எங்கே பார்த்தாலும் வீடு எழும்பிக்கொண்டிருந்த, இரண்டாயிரத்துக்குப் பிறகான வருஷங்கள் அவை. சிவில் டிப்ளமோ முடித்த கையோடு கூடுவாஞ்சேரியில் ஒரு மாடி வீட்டு வேலையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். தான் பெற்ற பெண் சாரம் ஏறி இறங்குவதா என்று அத்தாவுக்கு மனசே இல்லை. இரும்புலியூரில் டயர் கடை வைத்திருந்தவர். இப்போதைக்கு இந்த ஒரு வீடுதான், மேற்கொண்டு போவதை வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

வாசல் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்கு கான்கிரீட் போட்ட நாள். அதற்குக் கீழே தூண் கிடையாது. உள்ளே கம்பி மேல்பக்கமாக இருந்தால்தான் நிற்கும். மிதித்து அமுக்கிவிட்டால் தீர்ந்தது கதை. யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. அப்படியும் ஓர் ஓரத்தில் கம்பி அமுங்கியிருந்தது. கலவைச் சட்டி கைமாறி வந்துகொண்டிருக்கும்போதே நிறுத்தச் சொன்னேன்.

"இன்னாம்மா, கலவை காஞ்சிகினு கீது. பேஜார் பண்ணாத" என்றார் மேஸ்திரி.

எனக்கும் கோபம் வரும். கம்பியைத் தூக்கிக் கட்டும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கட்டினார்கள். ஆனால் போதுமான அளவுக்குத் தூக்கினோமா? கான்கிரீட் இறுகத் தண்ணீர் ஊற்றிய நாளெல்லாம் அந்த ஓரத்தையே போய்ப் போய்ப் பார்த்தேன்.

கீழே தாங்கக் கொடுத்திருந்த முட்டுப் பிரிக்கும் நாளில் அத்தாவும் வந்துவிட்டார். வெளி ஓரத்துச் சவுக்குக் கம்புகளை முதலில் தட்டினார்கள். கடைசிக் கம்பு சரிந்து, பலகை தொப்பென்று விழுந்து புழுதி கிளம்பியபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தால், பால்கனி அப்படியே நின்றது. சட்டி சட்டியாகக் கூழ் மாதிரி கொட்டியது, தாங்கிப் பிடிக்க எதுவுமில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. காரணம் நான் படித்ததுதான். இருந்தும் உடம்பு சிலிர்த்தது.

அத்தா அண்ணாந்து பார்த்தார். "கீழ ஒண்ணுமே இல்லையேம்மா?"

"மேல கம்பி இருக்கு அத்தா. நான் நின்னு கட்ட வெச்சேன்."

அவர் மெதுவாக நடந்து அதற்கு நேர் கீழே போய் நின்றார். எனக்கே அங்கே போக இன்னும் தைரியம் வந்திருக்கவில்லை.

"அடுத்த வீடு எங்கம்மா?" என்று அங்கே நின்றபடியே கேட்டார்.