அத்தை ஊற்றிய எண்ணெயும் ஆண்டவர் தந்த சேறும்

என்னோடு ஒரே ஜமுக்காளத்தில் முழங்கால் போடும் சபை மக்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஏழு மாதம் எனக்காக ஜெபித்தவர்கள் நீங்கள். அந்த ஜெபம் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நான் மெர்சி. வீடு ராயப்பேட்டை, வேலை அடையாறில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. சனிக்கிழமைகளில் மலைச் சைக்கிள் பந்தயம் ஓட்டுவேன். பெரிய மலை எதுவும் இல்லாத சென்னையில் மலைச் சைக்கிளா என்று கேட்டுச் சிரிக்காதவர் நம் சபையில் ஒருவரும் இல்லை. சிரியுங்கள், பரவாயில்லை. சேறு, வேர், பள்ளம், மேடு எல்லாம் நம் ஊரில் தாராளமாக இருக்கிறது.

போன வருடம் நவம்பர் மழையில் அந்தச் சேற்றில்தான் விழுந்தேன். கொட்டிவாக்கம் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சவுக்குத் தோப்பில் பந்தயம். தோப்பு முடியும் இடத்தில் பழைய ஏரிக்கரை. கரைமேலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக ஓர் இறக்கம். களிமண், நடுவில் சவுக்கு வேர்கள், கீழே தண்ணீர் ஓடும் ஒரு வாய்க்கால். உச்சியில் நின்றதும் பயந்துபோய் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தேன். முன்சக்கரம் சேற்றில் அப்படியே நின்றுவிட்டது. சைக்கிள்தான் நின்றது, நான் நிற்கவில்லை. வாய்க்காலில் போய் விழுந்து, தோளை ஒட்டிய காறை எலும்பு முறிந்தது.

எலும்பு இரண்டு மாதத்தில் கூடிவிட்டது. பயம் மட்டும் போகவே இல்லை. சின்ன வேகத்தடையைப் பார்த்தாலும் என் விரல்கள் தானாகவே பிரேக்கைக் கவ்விக்கொள்ளும். ஒருநாள் வீட்டுக்குப் பக்கத்திலேயே அப்படி நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் கத்தினார்: "யக்கா! வண்டிய ஓட்டுறியா, காவல் காக்குறியா?" வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சைக்கிள்மேல் பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஜெபிப்பதையும் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டேன்.

இங்கே என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவர் டேனியலின் அம்மா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சைக்கிளை அவருக்குப் பிடிக்காது. "பொம்பளைக்கு இன்னாத்துக்குமா இந்த சர்க்கஸு?" என்பார். ஆனால் கை கட்டுப்போட்டுக் கிடந்த இரண்டு மாதமும் எனக்குத் தலை பின்னிவிட்டது அவர்தான். சோறு பிசைந்து ஊட்டிவிட்டதும் அவர்தான். நான் அப்பவே சொன்னேனே என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து ஒருநாள்கூட வரவில்லை.

ஏப்ரல் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எழுந்து நின்று உங்களிடம் உதவி கேட்டேன், ஞாபகம் இருக்கும். இரண்டு விண்ணப்பம். ஒன்று, இறுகிப்போன என் விரல்களை ஆண்டவர் திறக்க வேண்டும். இரண்டு, இந்த வருடப் பந்தயத்தன்று மழை பெய்யக் கூடாது. உங்களிடம் சொல்லாமல் ஆண்டவரிடம் மட்டும் மூன்றாவதாக ஒன்று சொல்லியிருந்தேன். இந்த முறையும் அந்த இறக்கத்தில் ஓட்டி இறங்க முடியாவிட்டால் சைக்கிளைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவேன் என்று. பேரம் பேசக் கூடாது என்று எனக்குத் தெரியும். பேசிவிட்டேன்.

பந்தய வாரம் வியாழக்கிழமை பிடித்தது மழை. வெள்ளி முழுக்கக் கொட்டியது. சனிக்கிழமை விடிந்தும் விடவில்லை. நல்லா கேட்டீர் ஆண்டவரே என்று முனகிக்கொண்டே புறப்பட்டேன். வாசலில் அத்தை கையில் காலி ஜெப எண்ணெய்ப் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார்.

"கண்ணு, வண்டிக்கு எண்ணெய் பூசி ஜெபம் பண்ணிக்கீறேன். தைரியமா போய்ட்டு வா."

ஹேண்டில் பாரைப் பார்த்தேன். எண்ணெயில் சின்னதாக ஒரு சிலுவை. ஒன்பது வருடமாக வெறுத்த வண்டியை அத்தை ஆசீர்வதித்திருக்கிறார். அவரைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

என் சைக்கிளைப் பல வருடமாகப் பழுது பார்ப்பவர் பாஷா பாய். ராயப்பேட்டையில் சந்துக்குள் கடை. அவருடைய குட்டியானை மினி லாரியில்தான் சைக்கிளை ஏற்றிப் போனோம். தோப்பில் இறக்கி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். முன் பிரேக்கைப் பிடித்தால் பிடிக்கவே இல்லை. பாய் குனிந்து முன்சக்கரத்தின் தகட்டைத் தொட்டார். விரலை முகர்ந்து பார்த்தார்.

"இன்னாமா இது? டிஸ்க்குல எண்ணெய் வழியுது. ரேஸுக்கு வந்துக்கீறியா, தாளிக்க வந்துக்கீறியா?"

சக்கரத்தின் நடுவில் வட்டமாக, பளபளவென்று ஒரு தகடு இருக்கும். அதை இரண்டு பட்டைகள் கவ்வினால்தான் வண்டி நிற்கும். அந்தத் தகட்டில் எண்ணெய் பட்டால் பிரேக் போச்சு. நான் அத்தைக்குப் போன் போட்டேன்.

"அத்தை, எண்ணெய் எங்கெங்க பூசினீங்க?"

"ஹேண்டில்ல சிலுவ போட்டேன். அப்பறம் கீழ வெள்ளித் தட்டு மாதிரி ஒண்ணு கீதே, அதுல ஊத்துனேன். நல்லா ஊறட்டும்னு பாட்டில் பூராத்தையும் ஊத்திட்டேன். ஏன் கண்ணு?"

"ஒண்ணுமில்ல அத்தை. சும்மாதான் கேட்டேன்."

"நீ ஓட்டி முடிக்கிற வரைக்கும் நான் முட்டி போட்டுக்கினு இருப்பேன். பயப்படாத."

போனை வைத்தேன். பாய் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "பட்டைக்குள்ள ஊறிப்போச்சும்மா. மாத்தணும். புதுசு கடைல கீது." பந்தயம் தொடங்க இருபது நிமிடம்தான் இருந்தது. "பின் பிரேக்க மட்டும் வச்சுக்கினு மெதுவா போ. அந்த எறக்கத்துல எறங்கி, வண்டியத் தோள்ல தூக்கிக்கினு நட. நானும் துவா பண்றேன்."

குட்டியானைக்குப் பின்னால் போய் நின்றேன். மழை நீர் கழுத்து வழியாக இறங்கியது. அழுகையா கோபமா என்று தெரியவில்லை. "ஆண்டவரே, மழை வேண்டாம் என்றேன், கொட்டுகிறீர். உம்முடைய பெயரைச் சொல்லியே என் பிரேக்கும் போயிற்று. இதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அத்தை அங்கே முழங்காலில் இருக்கிறார். அவரையாவது வெட்கப்படுத்தாதேயும்." இவ்வளவுதான் என் ஜெபம்.

நான்கு சுற்று. முதல் சுற்றில் ஏரிக்கரை உச்சியில் இறங்கிவிடுவது என்பதுதான் என் முடிவு. ஆனால் அந்தக் களிமண்ணில் பின்சக்கரம் சறுக்கியது. கால் ஊன்றுவதற்குள் வண்டி விளிம்பைத் தாண்டிவிட்டது. பழக்கம் விடுமா? கண்ணை மூடிக்கொண்டு முன் பிரேக்கை உயிர்போகப் பிடித்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

போன வருடம் நின்ற சக்கரம் இந்த வருடம் நிற்கவில்லை. வேர்மேல் ஏறியது, குதித்தது, உருண்டது. நான் வாய்க்காலைத் தாண்டி எதிர்க்கரையில் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன். முழு எலும்போடு! "ஸ்தோத்திரம்!" என்று நான் போட்ட சத்தத்தில் கொடி பிடித்து நின்ற தன்னார்வலர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

ஐயோ, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போன வருடம் என்னைத் தள்ளியது இறக்கம் இல்லை. என் கைதான். விரல்களைத் திறக்க வேண்டும் என்று ஏழு மாதம் கேட்டேன். நான் திறக்க மாட்டேன் என்று ஆண்டவருக்குத் தெரியும். அதனால் மூடினாலும் பலிக்காதபடி செய்துவிட்டார்.

இரண்டாம் சுற்றில் இறங்கித் தூக்கவில்லை. உச்சியில் மூச்சை இழுத்துவிட்டு ஓட்டியே இறங்கினேன். விரல்கள் பிரேக்கைக் கவ்வவில்லை. மூன்றாம் சுற்றில் சிரித்துக்கொண்டே இறங்கினேன். சேறு வாய்க்குள் போனது, துப்பிவிட்டுச் சிரித்தேன். முன்சக்கரத்திலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. வேலிக்கு வெளியே நின்ற பாய் துள்ளிக் குதித்தார்.

"சத்தம் வருதும்மா! கடல் மணலு எண்ணெயத் துன்னுக்கினு கீது! பிரேக்கு திரும்பி வருது!"

நான் வேண்டாம் என்று கெஞ்சிய மழைதான், அந்த மணல் கலந்த சேற்றை வாரி வாரித் தகட்டில் அடித்து, எண்ணெயைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தது.

கடைசிச் சுற்று. இறக்கத்தின் பாதியில் இருக்கும்போது பார்க்கிறேன், கீழே வாய்க்காலில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண் சைக்கிளுக்கு அடியில் சிக்கிக் கிடக்கிறாள். எனக்கு முன்னால் போனவள். நான் நேராக அவள்மேல்தான் போய்க்கொண்டிருக்கிறேன். "இயேசப்பா!" என்றேன். ஒரே விரலால் மெல்ல முன் பிரேக்கைத் தொட்டேன்.

பிடித்தது. அவள் ஹெல்மெட்டுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. இறங்கி அவளைத் தூக்கிவிட்டேன். இரண்டு பேருக்கும் முகம் எது முதுகு எது என்று தெரியாத அளவுக்குச் சேறு. அவளுக்கு அடி ஒன்றும் இல்லை. சேர்ந்தே முடித்தோம். கடைசியிலிருந்து நான்காவது இடம். முதல் பரிசு வாங்கியவள்கூட அன்றைக்கு என் அளவுக்குக் குதித்திருக்க மாட்டாள்.

அதன் பிறகு ஜெபத்தை நான் நிறுத்தவில்லை. சைக்கிளுக்குப் போர்வை போடவும் இல்லை. பள்ளியில் ஆறு பிள்ளைகள் என்னிடம் சேற்றில் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள். முதல் பாடமே ஒரு விரல்தான்.

அன்பானவர்களே, ஆண்டவரைச் சோதித்துப் பார்க்க யாரும் பிரேக் இல்லாமல் இறங்காதீர்கள். வண்டியைச் சரிபார்த்துவிட்டே போங்கள். ஆனால் உங்களில் யாராவது கேட்டது கிடைக்காமல், கேட்காததே கொட்டிக்கொண்டிருக்கிறது என்று மனம் கசந்து இருந்தால், என்னை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த மழையில்தான் உங்களுக்கான உதவியும் வந்துகொண்டிருக்கலாம். அவரை நம்பிக் கையைத் திறந்து பாருங்கள்.

இதை எழுதி முடித்து நேற்றுதான் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அதுவரை அவருக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அடிப்பாவி, மூணு வாரமா சொல்லலியே நீ! நான் உன்னக் கொல்லப் பாத்துக்கீறேனே!" என்று அழுதார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ என் எண்ணெய் வீணாப் போவல?"

"ஒரு சொட்டுகூட வீணாகல, அத்தை."

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அலமாரியைத் திறந்து புதுப் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தார்.

"சரி, அடுத்த ரேஸு எப்போ கண்ணு? நானும் வரேன்."