பம்பு அறைக்கும் தொட்டிக்கும் நடுவே

மிளகா என்றுதான் அவனை எல்லோரும் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் காரம். அக்கா புருஷனின் விடுதியில் விருந்தாளிகள் இறங்கிக் குளிக்கும் வெந்நீர்த் தொட்டியைப் பராமரிப்பது அவன் வேலை. பின்கட்டில் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். போக்கிடம் வேறு இல்லை.

விருந்தாளிகள் முன்னால் அத்தான் ஒருமுறை அவனைத் தண்டச்சோறு என்று சொல்லிவிட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வருஷக்கணக்காக அக்காதான் தூது. இவன் முறைத்துக்கொண்டு சொல்வதை அங்கே பதமாகச் சொல்வாள்; அவர் எரிந்து விழுவதை இங்கே ஆறவைத்துத் தருவாள். முட்டிவலி தைலம் அவள் இடுப்பிலேயே இருக்கும். அதை இரண்டு பேருமே கண்டுகொண்டதில்லை, மகா உத்தமர்கள்.

அன்று மத்தியானம் ஒரு கம்பெனி ஆட்கள் தங்க வருவதாக இருந்தது. தண்ணீர் பீச்சும் ஜெட்டுகளில் பாதி உப்படைத்துக் கிடந்தன. மிளகா தொட்டியை வடித்து, ஜெட்டுகளைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டுத் தேய்த்து மாட்டினான். காற்று வால்வின் திருகு அசையவே இல்லை. அத்தான் தன் கைவண்ணமாக அதில் வாசலின் தடவியிருந்தார். ரப்பர் வளையம் ஊதிப்போய்ப் பிடித்துக்கொண்டது. திட்டிக்கொண்டே புது வளையம் போட்டான். வெந்நீர் நிரப்பிச் சுவிட்சைப் போட்டால் பம்பு உறுமுகிறதே தவிர ஒரு ஜெட்டிலும் தண்ணீர் இல்லை. உள்ளே காற்று அடைத்திருந்தது.

"மத்தியானத்துக்குள்ள ஓடலைன்னா வெளியாளைக் கூப்பிடுவேன். உன் தம்பியை ரூமைக் காலி பண்ணச் சொல்லு," என்றார் அத்தான். அக்கா பம்பு அறைக்கு வந்து, "கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிடுடா," என்றாள்.

காற்றை வெளியேற்ற, பம்பை நிறுத்திவிட்டுக் குழாயின் நட்டைத் தளர்த்த வேண்டும். அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தான்; சுவிட்சோ சுவருக்கு அந்தப் பக்கம், தொட்டி விளிம்பில், அத்தான் கைக்கெட்டும் தூரத்தில்.

"நான் சொல்ற வரைக்கும் அந்தாளு சுவிட்சைத் தொடக்கூடாது. போய்ச் சொல்லு."

அக்கா நடந்தாள். இவன் நட்டைத் தளர்த்தினான். பாதி வழியில் முன்னறை போன் அடித்தது. எடுக்கப் போனாள். காத்திருந்து பழக்கமில்லாத அத்தான் சுவிட்சை அமுக்கினார். தளர்ந்த நட்டு வழியே வெந்நீர் மிளகாவின் மூஞ்சியில் அடித்தது.

"யோவ், அணைய்யா!"

சுவருக்கு அந்தப் பக்கம் சுவிட்ச் டக்கென்றது. பிறகு, "அணைச்சாச்சுடா, கத்தாதே. நட்டை இறுக்கித் தொலை."

"காத்து இன்னும் போகலை. கையைக் கட்டிக்கிட்டு நில்லு."

"எனக்கே உத்தரவு போடுறியா?"

"வாசலின் தடவுற ஆளுக்கு வேற என்ன போடணும்?"

மாறி மாறி வசைமாரி. அந்த வசைக்கு நடுவிலேயே வேலையும் நடந்தது. காற்று சீறி முடிந்து தண்ணீர் சொட்டியதும் நட்டை இறுக்கினான்.

"இப்ப அமுக்கு. வால்வைத் திற. எதுல வருது?"

"எல்லாத்துலயும் வருதுடா."

தங்கும் அறை தப்பியது என்ற நிம்மதியில் மிளகா ஈரத்தோடு வெளியே வந்தான். அத்தான் முகத்திலும் கடுகளவு திருப்தி. நடைவழியில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

"உங்க ரெண்டு பேருக்கும் வாய் இருக்கா?" என்றாள். "ஒரு ஊமையோட பொறந்து இன்னொரு ஊமைக்கு வாக்கப்பட்டுட்டேன்னுதான் இத்தனை வருஷமா நடந்தேன்."

அவள் சாவிக்கொத்தை அவிழ்த்துத் தரையில் போட்டாள்.

"மக வீட்டுக்குப் போறேன். யாரும் கூப்பிட வராதீங்க."

நொண்டி நொண்டிப் போனாள். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"போய்க் கூப்பிடுடா," என்றார் அத்தான்.

"உம் பொண்டாட்டி. நீ கூப்பிடு," என்றான் மிளகா.

இருவரும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.